தேயிலைக் கட்டையில் ஒரு மரக்கரண்டி: இரண்டரை வருடப் பாவனைக்குப் பிறகு

பொருளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 12 அங்குல நீளத்தில் தட்டையான ஒரு மரக்கரண்டி. எடை 58 கிராம். மரம் தேயிலை. 2023 மார்ச்சில் செய்து முடித்தேன். அன்றிலிருந்து இலங்கை மலைநாட்டில் பசறைப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அடுப்படியில் அநேகமாகத் தினமும் வேலை செய்கிறது. காசு ஒன்றும் செலவில்லை. ஆனால் அதற்கு முன்னால் வீணாய்ப் போன கட்டைகளையும் ஒரு தச்சு பாஸிடம் வாங்கிய ஏச்சையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

"தேயிலையிலா?" என்று கேட்காத ஆளே கிடையாது. மலையில் பிறந்து வளர்ந்தவர்களும் கேட்கிறார்கள். கொழுந்து எடுக்கத் தோதாக இடுப்பளவில் வெட்டி வெட்டி வைத்திருப்பதால்தான் அது செடி மாதிரி நிற்கிறது. கத்தி படாமல் விட்டால் லயத்துக் கூரையைத் தாண்டி மரமாகவே போய்விடும். விதைக்கென்று விட்ட தேயிலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

2022இல் காஸுக்கு வரிசையில் நின்ற மாதங்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். அம்மா காஸ் அடுப்பைத் துணி போட்டு மூடி மூலையில் தள்ளிவிட்டு, பழையபடி விறகடுப்புக்குத் திரும்பினார். அதே நேரத்தில் எங்கள் டிவிசனில் ஒரு பழைய விதைத் தேயிலை மலையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வீபி கன்று (விதையில்லாமல் தண்டுத் துண்டில் வளர்த்த கன்று) வைக்கும் முன் பழைய தூரை வேரோடு எடுத்துவிட வேண்டும். மண்ணுக்குள் வேரை விட்டால் அதில் வரும் வேர்நோய் புதுக் கன்றையும் பிடிக்கும். பிடுங்கிய பிறகு ஒன்றரை, இரண்டு வருடம் மானாப்புல் போட்டு மண்ணைத் தேற்றிவிட்டுத்தான் நடுவார்கள். பிடுங்கிய தூர் ஓரத்தில் மலை மாதிரி குவிந்து கிடந்தது. கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு ஒரு லேண்ட் மாஸ்டர் (கை டிராக்டர்) லோட் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

அதைப் பிளந்துகொண்டிருந்தபோதுதான் ஆரம்பித்தது. ஒரு தூர் கோடரிக்கு நேராகப் பிளந்து விழுந்தது. உள்ளே வெண்ணெய் நிறம், நடுவை நோக்கிப் போகப் போக லேசான ரோஸ். பெருவிரலால் தடவினேன். பலாவிலும் தூனாவிலும் கண்ணுக்குத் தெரிகிற துளைக்கோடு எதுவும் இதில் இல்லை. கோடரி பட்ட இடம் சீவுளி பிடித்த மாதிரி மழமழவென்று இருந்தது. இவ்வளவு நாளும் இதையா எரித்தோம் என்று தோன்றிவிட்டது.

பாட்டி காலத்திலிருந்து எங்கள் வீட்டில் சோறு பொங்கியது இந்த மரத்தில்தான். தேயிலையை வெட்டிவிடும் கவ்வாத்து முடிந்ததும், வெட்டி விழுந்த மிலாறுக் குச்சிகளைப் பொறுக்கிக் கட்டித் தலையில் சுமந்து வந்து அடுக்கினால் மாதக்கணக்கில் விறகுக்குக் கவலை இல்லை. அப்படியிருந்தும் அறுத்தால் எப்படி அறுபடும், காய்ந்தால் எவ்வளவு சுருங்கும், எண்ணெய் குடிக்குமா என்று கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. தச்சு வேலைக்கு யாரும் இதைத் தொடுவதில்லை. கடைகளில் காண்பதெல்லாம் முறுக்கிக் கிடக்கும் தேயிலைத் தூரை அப்படியே கவிழ்த்து, மேலே கண்ணாடி வைத்து ஸ்டூல் என்று விற்பதுதான். தேயிலையும் கமெலியா இனம். ஜப்பானில் அதே இனத்தின் இன்னொரு மரத்தில் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் முத்திரை செதுக்குகிறார்கள், அவ்வளவு நெருக்கமான மரம் அது. அண்ணனுக்கு வருவது தம்பிக்கு வராதா என்று ஒரு நம்பிக்கை.

முதல் கட்டையை அடுப்புக்கு மேலே பரணில் வைத்தேன். சீக்கிரம் காயட்டும் என்று. பத்தாவது நாள் இரண்டு முனையிலிருந்தும் நடு மையத்துக்கு விரல் நுழைகிற வெடிப்பு. பச்சைக் கட்டையின் வெட்டுவாய் மற்றப் பக்கங்களைவிட வேகமாக ஈரத்தை விடும். அதைச் சூட்டில் வைத்தால் வேறென்ன ஆகும்? அது அன்றைக்கே அடுப்புக்குள் போனது.

இரண்டாவதற்கு வேர்க்கட்டையை எடுத்தேன். விதைத் தேயிலைக்கு ஆணிவேர் உண்டு, வீபிக்குக் கிடையாது. அந்த ஆணிவேரில்தான் நேரான துண்டு கிடைக்கும். மேலே இருக்கும் கட்டை முழுவதும் கவ்வாத்துக் கத்தியின் சரித்திரம். எங்கள் உயரத்தில் மூன்று, நான்கு வருடத்துக்கு ஒருமுறை வெட்டுவார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு முடிச்சு, முடிச்சுக்கு முடிச்சு நார் திசை மாறும், ஒரு சாண் நேராகக் கிடைத்தாலே பெரிய விஷயம். வேர் அப்படியில்லை. ஆனால் வேரில் மாச்சத்து நிறைய. வெட்டுக்குப் பிறகு ஓர் இலைகூட இல்லாமல் நிற்கும் தூர், வேரில் சேர்த்து வைத்திருக்கும் மாவை வைத்துத்தான் திரும்பத் துளிர்க்கிறது. கவ்வாத்துக்கு முன் வேரை வெட்டி அயோடின் தடவி, நீலம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதும் இதற்காகத்தான். அந்த மாவு எனக்கு வினையாக வந்தது. கட்டிலுக்குக் கீழே வைத்த வேர்க்கட்டை ஒரே மாதத்தில் சாம்பல் நிறப் பூஞ்சையில் மூடிக்கொண்டது. துடைத்தேன், திரும்ப வந்தது. சீவிப் பார்த்தால் நீலமும் கறுப்புமாக உள்ளே இறங்கியிருந்தது.

மூன்றாவது துண்டு தூரும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி. பார்க்க அழகு. கையில் வாள் மட்டும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம் என்று டவுனில் ஒரு பாஸிடம் கொண்டுபோய் மெஷினில் பலகையாகக் கீறித் தரும்படி கேட்டேன். பாதி வெட்டில் கிறீச் என்று ஒரு சத்தம், பொறி பறந்தது. புளியங்கொட்டை அளவு வெள்ளைக்கல் ஒன்றை மரம் விழுங்கி மூடி வைத்திருந்திருக்கிறது. மெஷின் வாளில் பல் போய்விட்டது. "தம்பி, மரம்னா கொண்டு வா. மலையைக் கொண்டு வராத" என்றார். நியாயம்தான். வாளுக்கான காசைக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. இனிமேல் கொண்டு வராதே என்று மட்டும் சொன்னார். மிஞ்சிய பாதியைக் கையாலேயே செதுக்கினேன். கரண்டியின் தட்டைப் பகுதி உருவாகி வரும்போது குண்டூசித் தலை அளவில் வட்டமாக ஒரு துளை தெரிந்தது. இன்னும் சீவினால் இன்னொன்று. சுற்றிலும் கறுப்புக் கரை. தோட்டத்தில் ஷொட் ஹோல் என்று சொல்லும் துளைப்பான் வண்டின் வேலை. 3 மில்லிமீற்றர்கூட வராத வண்டு. அது மரத்தைத் தின்பதில்லை, சுரங்கம் தோண்டி அதற்குள் பூஞ்சை வளர்த்து அதைத்தான் குஞ்சுகளுக்குக் கொடுக்கிறது. அந்தப் பூஞ்சையின் நிறம்தான் கறுப்புக் கரை. நடுத்தர உயரத் தோட்டங்களுக்கு இது பெரிய தலைவலி. எனக்கும் ஒரு கரண்டி போனது. அந்தத் துளையில் பருப்பும் மிளகாய்த் தூளும் அடைந்தால் கழுவ முடியாது.

இதையெல்லாம் அம்மா வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவதும் அடுப்புக்குப் போன அன்று விறகுக் குவியலுக்குப் போய் ஒரு கட்டையை எடுத்து இன்னொரு கட்டையில் தட்டினார்.

"இது பொட்டுனு கேக்குது பாரு. பூச்சி குடிச்ச கட்டை. பத்த வச்சா பொசுபொசுன்னு போயிரும், தணலே நிக்காது. இதைத் தட்டிப் பாரு."

அது கிண் என்றது.

"இதுதான் ராத்திரி வரைக்கும் நின்னு எரியிற கட்டை. உனக்கு வேணும்னா இதை எடுத்துக்க. எங்கிட்ட மொதல்லயே கேட்டா என்னடா கொறஞ்சிருவ?"

நாற்பது வருடம் அடுப்பூதிய அறிவு. நான் தச்சனிடமும் போனிலும் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா ஏழு கட்டைகளைத் தட்டி இரண்டைப் பொறுக்கிக் கொடுத்தார். இரண்டுமே துளையில்லாமல் இருந்தன. செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே உருப்படியான யோசனை இதுதான்: வீட்டில் விறகு பிளந்தவர் யார் என்று பார்த்து அவரைக் கூட்டிப்போங்கள்.

இந்தமுறை கட்டையை நடு மையத்தோடு இரண்டாகப் பிளந்தேன். மையம் உள்ளே இருந்தால் வெடிப்பு நிச்சயம். வெட்டுவாய் இரண்டிலும் மெழுகுதிரியை உருக்கித் தடவினேன். பட்டையை முழுக்க உரித்தேன். வண்டு போய் ஒளிந்துகொள்ளும் இடம் அது, மருந்தடித்த மிச்சமும் அங்கேதான் இருக்கும். காற்று வரும், வெயிலும் புகையும் வராத இடம் ஒன்று வேண்டும். எங்கள் காம்பராவில் அது சாமி படத்துக்குப் பின்னால் உள்ள தட்டுதான். ஞாயிற்றுக்கிழமை தோறும் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். ஆரம்பத்தில் 410 கிராம். முதல் மாதம் மளமளவென்று இறங்கியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அசையவே இல்லை, ஒரு வாரம் 3 கிராம் ஏறவும் செய்தது. தை பிறந்து வெயில் வந்த பிறகு 280க்கு வந்து நின்றது. மூன்று ஞாயிறு ஒரே எடை என்றால் காய்ந்துவிட்டது. நாள் எண்ணுவதைவிட இது நம்பகமானது.

வளையத்தை எண்ணித் தூரின் வயதைக் கண்டுபிடிக்கலாம் என்றும் உட்கார்ந்து பார்த்தேன். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கியதிலிருந்து எங்கள் மலைக்கு வந்து சேர எத்தனை வருடம் என்று கணக்குப் போடும் ஆசை. குளிர்கால ஓய்வு இல்லாத ஊரில் வளையம் வருடத்துக்கு ஒன்றாகப் பிரிந்து வராது. 40 எண்ணினேன், தம்பி 63 எண்ணினான். விட்டுவிட்டோம்.

செதுக்குவது கஷ்டம் என்பதைவிட மெதுவானது என்று சொல்வேன். காய்ந்த தேயிலை கத்தியை உள்ளே விடாது. மன்னாக் கத்தியால் முரட்டு வடிவம், பிறகு உளி, அரம். கடைசியில் உடைந்த கண்ணாடித் துண்டுதான் கைகொடுத்தது. புதிதாக உடைத்த விளிம்பை நாரின் போக்கிலேயே சாய்த்து இழுத்தால் மெல்லிய சுருள் வரும், இடியப்பம் பிழிந்த மாதிரி. முடிச்சுக்குப் பக்கத்தில் வந்தால் திசை மாற்றி இழுக்க வேண்டும். மாற்றாவிட்டால் மரம் பிய்ந்து வரும். சேண்ட் பேப்பர் 80, 120, 240 என்று போய் 400இல் முடித்தேன். ஒவ்வொரு தடவையும் நனைத்துக் காயவைத்து எழும்பிய நாரைத் தேய்த்தேன். குழிவுக் கரண்டியாகத்தான் நினைத்திருந்தேன். குழி எடுக்க வளைந்த உளி இல்லை. தணல் வைத்து ஊதிக் குழியாக்கும் பழைய முறையைத் துண்டு ஒன்றில் செய்து பார்த்தேன், சூட்டில் அதுவும் வெடித்தது. சரி, தட்டையாகவே இருக்கட்டும் என்று விட்டேன். இப்போது நினைத்தால் அதுவே நல்லது. எங்கள் வீட்டில் கிண்டுகிற வேலைதான் அதிகம், அள்ளுவதற்கு அகப்பை இருக்கிறது.

எண்ணெய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஹார்ட்வெயார் கடையில் விற்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைச் சமையல் சாமானுக்குப் பூசாதீர்கள். அது சீக்கிரம் உலர்வதற்காக உலோக உப்புகளைக் கலப்பார்கள். நான் நாலு பங்கு தேங்காயெண்ணெயில் ஒரு பங்கு தேன்மெழுகை உருக்கிப் பூசினேன். தேங்காயெண்ணெய் உலர்ந்து படலமாக நிற்காது, அதனால் மாதம் ஒருமுறை திரும்பப் பூச வேண்டியிருக்கிறது. பூசிய அன்று மரம் தேத்தண்ணி நிறத்துக்குப் போனது. பால் ஊற்றிய தேத்தண்ணி.

இனிப் பாவனை. முதல் வாரம் சூடான குழம்பில் வைத்தால் லேசாகத் துவர்ப்பு இறங்கியது. அம்மா கண்டுபிடித்தார், எனக்குத் தெரியவில்லை. உப்புத் தண்ணீரில் இரண்டு தடவை கொதிக்கவைத்து, காயவைத்து, மறுபடி எண்ணெய் போட்ட பிறகு அது இல்லை. தேயிலை வாசம் வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வராது. இலையை வாட்டி உருட்டிப் புளிக்கவைத்தால் வருகிற வாசம் அது, கட்டையில் ஏது?

நாரெழும்புவது மூன்று மாதத்தில் அடங்கிவிட்டது. மஞ்சள் கறை உடனே பிடிக்கும். அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம், கழுவி வெயிலில் ஒரு பகல் வைத்தால் மஞ்சளின் நிறம் தானாக வெளிறிவிடும். வெயில் இல்லாத வாரங்களில் மஞ்சளாகவே திரிகிறது.

இரும்புதான் இதற்கு எதிரி. ஒருநாள் ராத்திரி இரும்புத் தாச்சியில் சீனிச் சம்பல் கிண்டிவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கரண்டியோடு ஊறப்போட்டுவிட்டார்கள். காலையில் தாச்சி விளிம்பில் சாய்ந்திருந்த இடத்தில் மை பூசிய மாதிரி ஒரு கோடு. துவர்ப்புள்ள மரம் ஈர இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். வெறுந் தேத்தண்ணியை இரும்புக் கோப்பையில் விட்டுவைத்தாலும் இதே கதைதான். எலுமிச்சங்காய் தேய்த்ததில் பாதி போனது, மிச்சக் கோடு இப்போதும் இருக்கிறது.

இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது. முதல் மார்கழியில் லாச்சிக்குள் (இழுப்பறைக்குள்) போட்டு வைத்ததால் கைப்பிடி நுனியில் கரும்புள்ளிகள் வந்தன. கண்ணாடித் துண்டால் சுரண்டி, நுனியில் துளை போட்டு, கயிறு கட்டி அடுப்புச் சுவரில் தொங்கவிட்டேன். அதன் பிறகு வரவில்லை. கைப்பிடி நடுவில் ஒரு முடிச்சோரம் முக்கால் அங்குலத்தில் மயிரிழை வெடிப்பு உண்டு. முதல் வருடமே வந்தது, வளரவில்லை. மெழுகு இறக்கி விட்டிருக்கிறேன்.

நான் எதிர்பார்க்காதது தேய்மானம். அம்மா எப்போதும் வலப்பக்கமாகத்தான் கிண்டுவார். இரண்டரை வருடத்தில் கரண்டியின் இடது மூலை 3 மில்லிமீற்றர் தேய்ந்து சாய்ந்துவிட்டது. அந்தச் சாய்வு எங்கள் மண்சட்டியின் அடிவளைவில் அச்சாகப் பொருந்துகிறது. தைப்பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கிண்டும்போது அடிப்பிடிக்காமல் சுரண்டி வருவது அந்த மூலைதான். நான் கிண்டினால் பொருந்தாது, எனக்கு இடக்கை.

ஒப்பிட்டுச் சொல்வதானால், கண்டிப் பக்கம் ஒரு கடையில் வாங்கிய கித்துள் கரண்டி ஒன்று வீட்டில் இருந்தது. கறுப்புக் கோடு போட்டுப் பார்க்க இதைவிட அழகு. ஒரு வருடத்தில் நார் நாராகப் பிரிந்து விரலில் ஏற ஆரம்பித்தது. கித்துள் பனை இனம், கறுப்பு நாரும் மென்மையான சோற்றுப் பகுதியும் மாறி மாறி இருப்பதால் மென்மையானது முதலில் தேய்கிறது. தேயிலையில் அந்தப் பிரச்சினை இல்லை. எல்லா இடமும் ஒரே மாதிரித் தேய்கிறது. ஆனால் தேயிலையில் இதைவிடப் பெரிய சாமான் செய்ய முடியாது. வெட்டுப்பலகைக்கு அகலம் வராது, ஒட்டினால்தான் உண்டு.

வேறு மரத்தில் செய்து பார்க்கும் ஆசையும் வந்தது. நிழலுக்கு வைத்த சபுக்கு (சில்வர் ஓக்) நிறையக் கிடைக்கிறதே என்று ஒரு துண்டை அறுத்தேன். அழகான புள்ளி மரம். மறுநாள் முழங்கை வரை சிவந்து தடித்து, மூன்று நாள் சொறிந்துகொண்டு திரிந்தேன். சபுக்குத் தூள் சிலருக்குத் தோலில் ஒவ்வாது. அந்தச் சிலரில் நானும் ஒருவன். கிளிரிசீடியாவைத் தொடவே இல்லை. அந்தப் பெயருக்கே எலிகொல்லி என்றுதான் அர்த்தம். விறகாக எரிகிற எல்லாமே வாய்க்குப் போகிற சாமானுக்கு ஆகாது. இலையை நூற்றைம்பது வருடமாக ஊற்றிக் குடித்துவரும் மரம் என்பதால்தான் தேயிலையில் எனக்குத் தைரியம் வந்தது.

அவசரம் உள்ளவர்களுக்கு இது சரிவராது. கடையில் ஒரு கரண்டி வாங்கும் காசை மிச்சம் பிடிக்க ஆறு மாதம் காத்திருப்பது கணக்குக்குக் கட்டாது. பாத்திரம் கழுவும் தொட்டியில் எல்லாவற்றையும் ஊறப்போடும் வீட்டுக்கும் வேண்டாம்.

காஸ் வந்து பல காலம் ஆகிவிட்டது. அம்மா இரண்டு அடுப்பையும் வைத்துக்கொண்டிருக்கிறார். போன தீபாவளிக்கு வந்த அண்ணி கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று வேண்டும், ஆனால் மூலை சாயாமல் நேராக வேண்டும் என்றார். அம்மா தட்டிக் கொடுத்த இரண்டாவது கட்டையின் ஒரு பாதி சாமி படத்துக்குப் பின்னால் அப்படியே இருந்தது. அதை எடுக்கவிடாமல், புதிதாகப் பிடுங்கிய மலையிலிருந்து இன்னும் இரண்டைத் தட்டிப் பொறுக்கி வந்தார். பழையது தனக்காம். புதியவற்றில் சின்னது இந்த ஞாயிற்றுக்கிழமை 304 கிராம். போன ஞாயிறும் 304.